அம்லோடிபினா, டெல்மிசார்ட்டானா? இதயத்தைக் காக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் ஓர் ஒப்பீடு

அண்ணனுக்கும் தம்பிக்கும் இரத்த அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில், 154/92 என்று இருக்கிறது. அண்ணனுக்கு மருத்துவர் அம்லோடிபின் எழுதிக்கொடுக்கிறார். தம்பிக்கு வேறொரு மருத்துவர் டெல்மிசார்ட்டான் எழுதிக்கொடுக்கிறார். இரண்டு மாத்திரை அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது: இவற்றுள் இதயத்தை நன்றாகக் காப்பது எது? நமக்குக் கிடைத்திருப்பது இரண்டாம் தரமோ? இந்தக் குழப்பத்தில், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்களும் உண்டு என்பதால், இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது?

முதலில் ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தத்தைக் குறைப்பதனால் கிடைக்கும் பயனில் பெரும்பகுதி, எந்த மாத்திரையால் குறைந்தது என்பதைவிட எவ்வளவு குறைந்தது என்பதையே சார்ந்திருக்கிறது. 123 ஆய்வுகளில் பங்கேற்ற 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2016இல் லான்செட் இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, மேல் அழுத்தம் 10 மி.மீ. குறையும்போது பக்கவாதம் 27 சதவீதமும், இதயச் செயலிழப்பு 28 சதவீதமும், இதயத் தமனி நோய் 17 சதவீதமும், மொத்த இறப்பு 13 சதவீதமும் குறைகின்றன. ஆகவே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எந்த முதன்மை மருந்தும் இதயத்தைக் காக்கும் மருந்துதான். வகைகளுக்கு இடையிலான வேறுபாடு அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

அந்த வேறுபாட்டை நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகிய மூன்றையும் அந்த மருந்து தடுக்கிறது என்பதற்குப் பெரிய ஆய்வுகளின் சான்று இருக்கிறதா? நீரிழிவு, சிறுநீரக நோய், ஆஸ்துமா போன்ற உடனிருக்கும் நோய்களுக்கு அது உதவுமா, கெடுதல் செய்யுமா? அன்றாட வாழ்க்கையைத் தொந்தரவு செய்யும் பக்கவிளைவுகள் எவை? மாத்திரை விலைக்கு அப்பால், இரத்தப் பரிசோதனை, மறுபடி மருத்துவரைப் பார்த்தல், பக்கவிளைவுக்கென்று சேரும் இன்னொரு மாத்திரை என்று மறைமுகமாக எவ்வளவு செலவாகும்? கடைசியாக, ஒரு வேளை மறந்துபோனால் என்ன ஆகும்? ஐந்தாவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து விழுங்க வேண்டிய மாத்திரைக்கு அதுவே சில சமயம் முதல் கேள்வியாகிவிடுகிறது.

## ஏசிஇ தடுப்பான்களும் சார்ட்டான்களும்

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடிபவை ஏசிஇ தடுப்பான்கள். லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான், வல்சார்ட்டான் என்று ‘சார்ட்டான்’ என முடிபவை ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான்கள். இரத்தக்குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவைக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் வழியையே இரண்டும் மறிக்கின்றன. முன்னது அந்தப் பொருள் உருவாவதைத் தடுக்கிறது. பின்னது உருவான பொருள் வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. இந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில், பிரேசிலில் வாழும் ஜரராக்கா விரியனின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. கடிபட்டவரின் இரத்த அழுத்தம் சடாரென்று விழுவது ஏன் என்ற கேள்வி, 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒரு மாத்திரையில் வந்து முடிந்தது.

இதயப் பாதுகாப்பு என்ற சொல்லோடு இந்த வகை ஒட்டிக்கொண்டதற்கு 2000இல் வெளியான ஹோப் ஆய்வு முக்கியக் காரணம். இரத்தக்குழாய் நோயோ, வேறு அபாயங்களோடு கூடிய நீரிழிவோ உள்ள 9,297 பேரில், ராமிப்ரில் 10 மி.கி. எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை 22 சதவீதம் குறைந்தது. இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களுக்கும், நீரிழிவினால் சிறுநீரில் புரதம் வெளியேறுபவர்களுக்கும் இந்த வகை முதல் தேர்வுகளுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

ப்ரில்லா, சார்ட்டானா என்பதற்கு 2008இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வு விடை சொன்னது. 25,620 பேரிடம் ராமிப்ரிலையும் டெல்மிசார்ட்டானையும் ஒப்பிட்டபோது பயன் ஏறத்தாழ சமமாகவே இருந்தது. வேறுபாடு இருமலில்தான் தெரிந்தது. இருமல் தாங்காமல் மாத்திரையை நிறுத்தியவர்கள் ராமிப்ரில் பிரிவில் 4.2 சதவீதம், டெல்மிசார்ட்டான் பிரிவில் 1.1 சதவீதம். இந்த இருமலைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பலரும் இதை மாத்திரையோடு இணைத்துப் பார்ப்பதே இல்லை. சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் ஏதோ ஊர்வது போன்ற குறுகுறுப்போடு, படுத்த பிறகு வறட்டு இருமல் வந்துகொண்டே இருக்கும். மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள், ஏன், சில மாதங்கள் கழித்தும் வரலாம். இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் மார்பு எக்ஸ்ரேயும் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். சார்ட்டானுக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். உதடு, நாக்கு, தொண்டை வீங்கினால் அது வேறு விஷயம்: அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தானது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், தொடங்கிய ஓரிரு வாரங்களிலும் அளவு கூட்டும்போதும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினினையும், பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது பொதுவாக ஏற்கத்தக்கதே. அதைக் கண்டு பதறி மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. மூட்டுவலிக்காக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை அடிக்கடி எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றோடு இந்த மாத்திரையும், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் சேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் இந்த இரு வகைகளும் கூடாது. சிசுவின் சிறுநீரகத்தை இவை பாதிக்கும். ப்ரில்லையும் சார்ட்டானையும் சேர்த்து எடுப்பதும் கூடாது: ஆன்டார்கெட் ஆய்வில் அந்தக் கூட்டு பயனைக் கூட்டவில்லை, சிறுநீரகப் பாதிப்பைத்தான் கூட்டியது.

## கால்சியம் சேனல் தடுப்பான்கள்

இரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து, குழாயைத் தளர்த்துபவை இவை. இந்த வகையைச் சேர்ந்த அம்லோடிபினின் பெரிய பலம் அதன் நிதானம். உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. ஒரு வேளை மறந்தாலும் அழுத்தம் உடனே துள்ளிக் குதிக்காது. தொடங்குவதற்கென்று இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. வலி மாத்திரைகளோடும் பெரிய மோதல் இல்லை. பக்கவாதத்தைத் தடுப்பதில் இந்த வகை சற்று முன்னிலையில் நிற்கிறது. 2005இல் வெளியான ஆஸ்காட் ஆய்வில் 19,257 பேரில், அம்லோடிபினை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை பெற்றவர்களுக்கு, அட்டெனோலாலை (இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா தடுப்பான் வகை) அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை பெற்றவர்களைவிடப் பக்கவாதம் 23 சதவீதம் குறைவாக இருந்தது.

இதன் பலவீனம் இதயச் செயலிழப்பு. 2002இல் முடிவுகள் வெளியான ஆல்ஹாட் ஆய்வு, 33,357 பேரிடம் நீர் மாத்திரையான குளோர்தாலிடோன், அம்லோடிபின், லிசினோப்ரில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. மாரடைப்பில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் 6 ஆண்டுகளில் இதயச் செயலிழப்பு குளோர்தாலிடோன் பிரிவில் 7.7 சதவீதமாகவும், அம்லோடிபின் பிரிவில் 10.2 சதவீதமாகவும் இருந்தது. ஆகவே, ஏற்கெனவே மூச்சுவாங்குதலும் எக்கோ பரிசோதனையில் (இதயத்தின் ஒலியலை ஸ்கேன்) இதயத்தின் பலக்குறைவும் தெரிபவர்களுக்கு அம்லோடிபினை மட்டும் நம்புவது சரியல்ல.

கால் வீக்கம்தான் இதன் அன்றாடத் தொல்லை. மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே வளையமாகப் பள்ளம் பதிந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி மெல்லத்தான் நிரம்பும். 5 மி.கி. அளவில் 3 சதவீதம் பேருக்கு வருவது, 10 மி.கி. அளவில் ஏறத்தாழ 11 சதவீதமாக உயர்கிறது, பெண்களுக்கு அதிகம். இந்த வீக்கம் உடலில் நீர் கூடியதனால் வருவதன்று, நுண்ணிய தமனிகள் விரிந்து நீர் திசுக்களுக்குள் கசிவதனால் வருவது. எனவே இதற்கென்று ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையைச் சேர்த்தால் வீக்கம் சரிவரக் குறையாது. அந்த நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறையும், பிறகு அதற்கொரு மருந்து என்று சங்கிலி நீளும். அம்லோடிபின் அளவைக் குறைப்பதும், ஒரு ப்ரில்லையோ சார்ட்டானையோ உடன் சேர்ப்பதும்தான் பொருத்தமான வழி. அவை சிரைப் பக்கத்தையும் விரிப்பதால் கசிவு குறைகிறது.

இதே வகையில் வரும் வெராபமிலும் டில்டியாசெமும் இதயத் துடிப்பையும் மெதுவாக்குபவை. சுருங்கும் திறன் குறைந்த இதயத்துக்கு அவை ஆகா. வெராபமிலோடு பீட்டா தடுப்பான் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

## தயசைடு வகை நீர் மாத்திரைகள்

குளோர்தாலிடோன், இண்டபமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை பழைய மருந்துகள் என்பதாலேயே குறைத்து மதிப்பிடப்படுகின்றன. அது நியாயமில்லை என்பதற்கு மேலே சொன்ன ஆல்ஹாட் எண்களே போதும். 80 வயதைக் கடந்த 3,845 பேரிடம் நடந்த ஹைவெட் ஆய்வு (2008) இன்னும் நெருக்கமான சான்று. இண்டபமைடில் தொடங்கி, தேவைப்பட்டால் பெரிண்டோப்ரில் சேர்த்த சிகிச்சையால் அந்த முதியவர்களிடம் இதயச் செயலிழப்பு 64 சதவீதமும் இறப்பு 21 சதவீதமும் குறைந்தன. “இந்த வயதில் மாத்திரை எதற்கு?” என்று கேட்கும் குடும்பங்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

குளோர்தாலிடோன்தான் உயர்ந்தது என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2022இல் 13,523 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் அதை ஹைட்ரோகுளோரோதயசைடோடு நேரடியாக ஒப்பிட்டபோது இதய நிகழ்வுகளில் வேறுபாடு தெரியவில்லை; குளோர்தாலிடோன் பிரிவில் பொட்டாசியக் குறைவுதான் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஒன்றில் நலமாக இருப்பவர் மற்றொன்றுக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை.

மறைமுகச் செலவு இங்கே இரத்தத்தில்தான் இருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் குறையலாம். யூரிக் அமிலமும் சர்க்கரையும் சிறிது ஏறலாம். வயதான, மெலிந்த பெண்களுக்குச் சோடியம் குறைந்து, தடுமாற்றமாகவோ குழப்பமான பேச்சாகவோ வெளிப்படும்போது, வீட்டார் அதை முதுமை என்று எண்ணிவிடுகிறார்கள். தொடங்கிய சில வாரங்களில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் இதைத் தவிர்க்கலாம். கவுட் எனப்படும் யூரிக் அமில வாதம் உள்ளவர்களுக்கு இந்த வகை பொருந்தாது. கூடுதலாகச் சிறுநீர் போகும் தொல்லை முதல் சில நாள்களில்தான் பெரும்பாலும் இருக்கும். காலையில் எடுத்தால் இரவு உறக்கம் கெடாது.

## பீட்டா தடுப்பான்கள்

பெயரளவில் இதயத்துக்கு மிக நெருக்கமான மருந்துகள் இவைதான். அதனாலேயே இங்கு மிகுதியான தவறான புரிதல் இருக்கிறது. இதயத் துடிப்பை மெதுவாக்கி அதன் உழைப்பைக் குறைக்கின்றன என்பது உண்மை. வேறு இதய நோய் எதுவும் இல்லாமல் இரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு இவை முதல் தேர்வல்ல என்பதும் உண்மை. 2002இல் வெளியான லைஃப் ஆய்வில், இதயத் தசை தடித்திருந்த 9,193 பேரில், லோசார்ட்டான் பெற்றவர்களுக்கு அட்டெனோலால் பெற்றவர்களைவிடப் பக்கவாதம் 25 சதவீதம் குறைவாக இருந்தது. இரு பிரிவிலும் கையில் அளந்த அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும் இந்த வேறுபாடு.

இவை இன்றியமையாதவையாகும் இடங்கள் வேறு. இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்து செயலிழப்பு வந்தவர்களுக்கு பிசோப்ரோலால், கார்வெடிலால், நீண்டநேரம் செயல்படும் மெட்டோப்ரோலால் சக்சினேட் ஆகிய மூன்றும் ஆயுளைக் கூட்டுகின்றன. இந்த நிலையில் அட்டெனோலாலுக்கு அப்படிப்பட்ட சான்று இல்லை. நெஞ்சுவலியான ஆஞ்சைனாவுக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பைக் கட்டுப்படுத்தவும் இவை நல்லவை. மாரடைப்புக்குப் பின் அனைவருக்கும் நீண்டகாலம் தருவது வழக்கமாக இருந்தது. ஆனால் 2024இல் வெளியான ரெட்யூஸ் ஏஎம்ஐ ஆய்வில், மாரடைப்புக்குப் பிறகும் சுருங்கும் திறன் சரியாக இருந்த 5,020 பேரிடம் இவற்றால் கூடுதல் பயன் தெரியவில்லை. அப்படி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. பீட்டா தடுப்பானைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் ஏறி, நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். பயணத்தில் மாத்திரை அட்டையை மறந்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சாதாரண விஷயமன்று.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் இறுகலாம். இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் எச்சரிக்கையாக மிஞ்சும். சோர்வு, கை கால் குளிர்ச்சி, ஆண்மைக் குறைவு ஆகியவற்றைப் பலர் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொன்னால் மாற்று இருக்கிறது.

## வரிசையில் பின்னால் நிற்பவை

மூன்று மருந்துகள், அதில் ஒன்று நீர் மாத்திரை, எல்லாம் சரியான அளவில் கொடுத்தும் அழுத்தம் இறங்காதவர்களுக்கு பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன்தான் நான்காவதாகச் சிறந்து விளங்கியது என்று 2015இல் பாத்வே-2 ஆய்வு காட்டியது. பொட்டாசியம் ஏறுவதும், ஆண்களுக்கு மார்பகம் வீங்கி வலிப்பதும் இதன் விலை. டாக்ஸசோசின் போன்ற ஆல்பா தடுப்பான்களை இதயப் பாதுகாப்புக்கென முதலில் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆல்ஹாட் ஆய்வில் நான்காவதாக இருந்த டாக்ஸசோசின் பிரிவு மட்டும், இதயச் செயலிழப்பு இருமடங்கானதால் 2000ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது.

## நிலைமைக்கு ஏற்ற தேர்வு

| உங்கள் நிலை | முதலில் கருதத் தக்கது | எச்சரிக்கை |
|---|---|---|
| அழுத்தம் மட்டும். வேறு நோயில்லை | அம்லோடிபின், தயசைடு, ப்ரில் அல்லது சார்ட்டான் | பீட்டா தடுப்பான் முதல் தேர்வல்ல |
| நீரிழிவு, சிறுநீரில் புரதம் | ப்ரில் அல்லது சார்ட்டான் | பொட்டாசியம், கிரியேட்டினின் பரிசோதனை |
| சுருங்கும் திறன் குறைந்த இதயச் செயலிழப்பு | ப்ரில் அல்லது சார்ட்டான், பீட்டா தடுப்பான், ஸ்பைரோனோலாக்டோன் | வெராபமில், டில்டியாசெம் கூடாது |
| ஆஞ்சைனா | பீட்டா தடுப்பான், அம்லோடிபின் | திடீரென நிறுத்தக் கூடாது |
| முன்பு பக்கவாதம் வந்தவர் | தயசைடு, ப்ரில், அம்லோடிபின் | அட்டெனோலாலை நம்பியிருக்க வேண்டாம் |
| ஆஸ்துமா | அம்லோடிபின், சார்ட்டான் | பீட்டா தடுப்பான் தவிர்க்கத் தக்கது |
| கவுட் | லோசார்ட்டான், அம்லோடிபின் | தயசைடு யூரிக் அமிலத்தைக் கூட்டும் |
| கர்ப்பம் | லேபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் | ப்ரில், சார்ட்டான் கூடவே கூடாது |

லோசார்ட்டான் மட்டும் கவுட் வரிசையில் தனியாக நிற்பதற்குக் காரணம், அது யூரிக் அமிலத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றவும் உதவுகிறது என்பதே.

## ஒன்றா, இரண்டா?

எது என்ற கேள்விக்குப் பலருக்கும் விடை ‘இரண்டும்’ என்றுதான் வந்து முடிகிறது. ஒரு மருந்தின் அளவை இருமடங்காக்குவதைவிட, வேறு வகை மருந்தொன்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது அழுத்தத்தைப் பல மடங்கு கூடுதலாகக் குறைக்கிறது. பக்கவிளைவோ அதே அளவுக்குக் கூடுவதில்லை. எந்த இரண்டைச் சேர்ப்பது என்பதில் 2008இன் அக்காம்ப்ளிஷ் ஆய்வு உதவுகிறது. இதய அபாயம் மிகுந்த 11,506 பேரில், பெனாசெப்ரிலோடு அம்லோடிபின் சேர்த்த கூட்டு, பெனாசெப்ரிலோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்த்த கூட்டைவிட இதய நிகழ்வுகளை ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்தது. இரண்டையும் ஒரே மாத்திரையில் அடக்கியவை கிடைக்கின்றன. விழுங்கும் எண்ணிக்கை குறைவதால் விட்டுப்போவதும் குறைகிறது. அவற்றில் ஒரு மருந்தின் அளவை மட்டும் மாற்ற முடியாது என்பது குறை. எனவே தேவையான அளவு எதுவென்று தெரிந்தபின் கூட்டு மாத்திரைக்கு மாறுவதை நான் விரும்புவேன்.

காலையா இரவா என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். 21,104 பேரிடம் நடந்த டைம் ஆய்வு (2022) இரண்டுக்கும் இதயப் பாதுகாப்பில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. மறக்காமல் எடுக்க வசதியான நேரமே உங்கள் நேரம்.

இனி அந்த அண்ணன் தம்பியிடம் திரும்பலாம். அண்ணனுக்கு நீரிழிவு இல்லை, சிறுநீரில் புரதம் இல்லை, எக்கோ பரிசோதனை சரியாக இருக்கிறது, அம்லோடிபின் 5 மி.கி.யில் வீட்டில் அளக்கும் அழுத்தம் 128/78 என்று நிற்கிறது, கால் வீங்கவில்லை என்றால், அவர் டெல்மிசார்ட்டானுக்கு மாறுவதால் இதயத்துக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. தம்பிக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது என்றால், அவர் டெல்மிசார்ட்டானை விட்டு அம்லோடிபினுக்கு மாறுவது இழப்பு. அழுத்தம் போதிய அளவு இறங்காவிட்டால் அம்லோடிபினை அதோடு சேர்க்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் இரண்டு முறை அளந்த ஒரு வாரக் குறிப்பையும், வலிக்கென்று தாமாக வாங்கி விழுங்கும் மாத்திரைகளின் பெயர்களையும், கடைசியாக எடுத்த கிரியேட்டினின், பொட்டாசிய அறிக்கையையும் இருவரும் கையோடு கொண்டுபோனால், எந்த மாத்திரை என்ற பேச்சு அந்தத் தாள்களிலிருந்து தொடங்கும்.